சுயநலம் சமூகத்தைக் கெடுக்கிறதா? யார் கழன்றுகொள்ள முடியும் என்று பாருங்கள்

பொருளாதாரம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "எல்லோரும் அவரவர் நலனைத்தான் பார்க்கிறார்கள். அப்படியிருந்தும் சமூகம் எப்படி நிற்கிறது? ஆடம் ஸ்மித் சுயநலத்தை நல்லது என்று சொன்னதாக வகுப்பில் சொல்கிறார்கள். வீட்டில் அதையே கெட்ட குணம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான். சுயநலம் இல்லாத ஊர் கிடையாது. நன்றாக இருக்கும் ஊரிலும் இருக்கிறது, சீரழிந்த ஊரிலும் இருக்கிறது. அதனால் அதை மட்டும் வைத்து ஓர் ஊரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. நான் பார்ப்பது வேறொன்றை. ஊருக்குப் பொதுவான ஒரு காரியத்திலிருந்து வசதியும் செல்வாக்கும் உள்ளவர் கழன்றுகொண்டு தனியாகப் பிழைக்க வழி இருக்கிறதா? வழி இல்லாதவரை அவருடைய சுயநலமே அந்தப் பொதுக்காரியத்தைக் காப்பாற்றும். வழி கிடைத்துவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அது மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். இதை மேடைப்பேச்சாகச் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை, அதனால் நடந்த விஷயங்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஸ்மித்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அவர் பெயரைச் சொல்லி நடக்கும் அக்கிரமம் கொஞ்சநஞ்சமல்ல. 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பொருளாதாரச் சிந்தனையாளர் அவர். 1776-ல் வந்த 'நாடுகளின் செல்வம்' என்ற அவருடைய பெரிய புத்தகத்தில் கசாப்புக்கடைக்காரர், மது வடிப்பவர், ரொட்டிக்காரர் மூவரும் வருகிறார்கள். நம் இரவுச்சாப்பாடு அவர்களுடைய தயவால் வருவதில்லை, அவர்கள் தங்கள் நலனைப் பார்த்துக்கொள்வதால் வருகிறது என்கிறார். அதோடு எல்லோரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதே புத்தகத்தில், ஒரே தொழில் செய்பவர்கள் ஒன்றுகூடினால், வேடிக்கைக்காகக் கூடியிருந்தாலும், பேச்சு கடைசியில் பொதுமக்களுக்கு எதிரான சதியிலோ விலையை ஏற்றும் ஏற்பாட்டிலோதான் முடியும் என்றும் எழுதியிருக்கிறார். தன் லாபத்தைத் தேடுபவர் தெரியாமலே பொதுநலனையும் வளர்க்கிறார் என்று சொல்ல இவ்வளவு பேர் மேற்கோள் காட்டும் 'கண்ணுக்குத் தெரியாத கை', அந்தப் பெரிய புத்தகத்தில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அவருடைய எழுத்து முழுவதையும் சேர்த்தாலே மூன்று முறை. அந்தப் புத்தகத்துக்கு 17 ஆண்டுகள் முன்பு, 1759-ல், அவர் எழுதிய இன்னொரு நூலின் மையமே, மனிதன் அடுத்தவனுடைய இன்பதுன்பத்தை எப்படித் தானும் உணர்கிறான் என்பதுதான். கடைசிக் காலத்தில் அவர் பார்த்த வேலை எடின்பரோவில் சுங்கத்துறை ஆணையர். தடையற்ற வணிகம் பற்றி எழுதியவர் சுங்கம் வசூலிக்கப் போய் உட்கார்ந்தார்! அதில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு எப்போதும் உண்டு.

ரொட்டிக்காரர் கதை எதனால் செல்லுபடியாகிறது? அடுத்த தெருவில் இன்னொரு ரொட்டிக்கடை இருப்பதால். ரொட்டி புளித்திருந்தால் நான் அங்கே போய்விடுவேன். நஷ்டம் இவருடைய கல்லாப்பெட்டியில் அன்றைக்கே தெரியும், மறுநாள் ரொட்டி சரியாகிவிடும்.

இங்கே கவனமான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். "விலகிப்போக முடிவதால்தான் கடை ஒழுங்காக இருக்கிறது என்கிறீர்கள். கொஞ்சம் முன்னால், கழன்றுகொள்ள முடிந்தால் பொதுக்காரியம் கெடும் என்றீர்களே?" நியாயமான கேள்விதான். பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் இதைத்தான் எடுத்துக்கொண்டார். அவருக்கு இந்த யோசனையைக் கிளப்பியது நைஜீரியாவின் ரயில்வே. லாரிகள் போட்டிக்கு வந்தன. பாடப்புத்தகப்படி ரயில்வே திருந்தியிருக்க வேண்டும், திருந்தவில்லை. ஏனென்றால், சண்டை போட்டுக் கேள்வி கேட்கக்கூடிய பெரிய வாடிக்கையாளர்கள் முதல் ஆளாக லாரிக்கு மாறிவிட்டார்கள். வருமானம் குறைந்ததைப் பற்றி ரயில்வே அதிகாரிக்குக் கவலை இல்லை, அவர் சம்பளம் எப்படியும் வரும். கடைக்காரருக்குத் தன் நஷ்டம் வலிக்கிறது, அதனால் வாடிக்கையாளர் போனால் திருந்துகிறார். ஏரிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஊராட்சிக் குடிநீர்க் குழாய்க்கும் அப்படி வலிக்கிற முதலாளி யாரும் இல்லை. அங்கே போகிறவரோடு சேர்ந்து சத்தமும் போய்விடுகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். சுயநலத்தை வைத்தே சுயநலத்தைக் கட்டுவது எப்படி என்று கேட்டால், எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் முன்னால் நான் கைகாட்டுவது ஏலச்சீட்டைத்தான்.

20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். சீட்டுத் தொகை 1 லட்சம். மாதா மாதம் ஏலம். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவருக்கு இந்த மாதமே பணம் வேண்டும், அதனால் அவர் 25,000 தள்ளிக் கேட்கிறார். வேறு யாரும் அதற்கு மேல் தள்ளவில்லை. அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000-ல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000. அதை 20 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 1,000. ஆக அந்த மாதம் எல்லோரும் கட்டுவது 5,000 இல்லை, 4,000. அவசரக்காரருக்கு வங்கிப் படி ஏறாமல் பணம். பொறுத்திருப்பவருக்கு வட்டி. நடத்துபவருக்குக் கமிஷன். இதில் ஒருவர்கூடத் தியாகம் செய்யவில்லை. ஏலம் கேட்கும்போது பாருங்கள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை" என்பது போல டீ குடித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அன்று ரொம்ப அவசரம் இருக்கும். அவசரத்தைக் காட்டினால் மற்றவர்கள் சும்மாவேனும் ஏற்றிவிடுவார்கள்.

ஆபத்து எங்கே என்றால், சீட்டு எடுத்த மறுநாள். முன்னால் எடுத்தவருக்கு இனிமேல் கட்டுவதில் தனிப்பட்ட ஆதாயம் எதுவும் இல்லை. கம்பி நீட்டுவதுதான் அப்பட்டமான சுயநலக் கணக்கு. அதனால்தான் எடுக்கும்போது ஜாமீன் கேட்கிறார்கள். ஒருவர் கட்டாவிட்டால் நடத்துபவர் தன் கைப்பணத்தைப் போட வேண்டும் என்பதால், ஆளைச் சேர்க்கும்போதே அவர் ஒன்றுக்கு நாலுமுறை விசாரிக்கிறார். 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்டு சட்டம் பதிவு பெற்ற சீட்டுக்கு, நடத்துபவரே சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையம் கட்ட வேண்டும் என்கிறது. 5 சதவீதமாக இருந்த கமிஷன் உச்சவரம்பை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 7 ஆக்கியது. ஊரில் பதிவில்லாமல் நடக்கும் சீட்டில் அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அங்கே ஜாமீன் என்பது, ஓடிப்போனால் திரும்பவும் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்கிற பயம்தான்.

இதோடு தீபாவளிச் சீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஜனங்கள், அதே தெரு, அதே நம்பிக்கை. மாதா மாதம் கட்டினால் தீபாவளிக்கு இனிப்பு, பட்டாசு, பாத்திரம், சிலதில் தங்கக் காசு. ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி வந்தால் எங்காவது ஒரு காவல் நிலைய வாசலில் தீபாவளிச் சீட்டுக் கட்டிய பெண்கள் கூட்டமாக நிற்கும் படம் நாளிதழில் வரும். ஏலச்சீட்டில் மோசடியே நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன், நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏலச்சீட்டில் அந்த மாதம் வசூலான பணம் அந்த மாதமே ஓர் உறுப்பினர் கைக்குப் போய்விடுகிறது. பெட்டி காலியாகிவிடும், தூக்கிக்கொண்டு ஓட ஒன்றும் இருக்காது. தீபாவளிச் சீட்டில் 12 மாதப் பணமும் ஒரே ஆளிடம் சேர்ந்துகொண்டே போகிறது. ஐப்பசிக்கு ஒரு மாதம் முன்பு அவர் கையில் ஊரின் ஒரு வருடச் சேமிப்பு இருக்கும். அந்த நேரத்தில் அவருக்குக் கழன்றுகொள்ள ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது. ஏலச்சீட்டு நடத்துபவர் உத்தமர், தீபாவளிச் சீட்டு நடத்துபவர் திருடர் என்றெல்லாம் இல்லை. ஒரே ஆளே இரண்டும் நடத்துவதுண்டு. ஏற்பாடுதான் வேறு.

இப்போது ஏரிக்கு வருகிறேன். இந்தப் பதிலின் முக்கியமான பகுதி இதுதான்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு என்பது அரசுக் கணக்கு. ராமநாதபுரம், மதுரைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று விடுவது, தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்துப் பங்கிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக, ஏக்கருக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஒரு வயல் காய்ந்தால் அந்த வயலின் பங்கு அவருக்கும் போச்சு. அவருக்கென்று அந்த ஆயக்கட்டில், அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் பரப்பில், பெரும்பாலும் நிலம் இருக்காது. நிலம் இருந்தால் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிடுவார் என்ற சந்தேகம் வரும். நிலம் இல்லாதவரிடம் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. எல்லா வயலும் விளைந்தால்தான் அவருக்குக் கூலி. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடுவில் நிற்க அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. சுயநலத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பொதுநலத்தோடு பிணைத்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நான் நிறுத்த மாட்டேன். நீர்க்கட்டி வேலையைப் பல ஊர்களில் செய்தவர்கள் தலித் மக்கள். அவர்களுக்கு நிலம் இல்லாமல் போனதற்குக் காரணம் யாரோ யோசித்து வகுத்த நடுநிலைத் தத்துவம் இல்லை, சாதி. ஊரின் நியாயமான தண்ணீர்ப் பங்கீடு ஒருவரை நிலமற்றவராகவே வைத்திருப்பதன் மேல் நின்றது. அதேபோல, ஊரார் சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தை ஊர் தானாக ஒன்றுகூடிச் செய்த திருவிழா போலச் சிலர் எழுதுகிறார்கள். அது தானாகவே நடந்திருந்தால் 1858-ல் வெள்ளைக்காரர்கள் அதற்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டிருக்க வேண்டியதில்லை. கரையும் வாய்க்காலும் பராமரிக்க ஆள் வராத ஊர்கள் அப்போதே இருந்தன என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

இருந்தாலும் ஒன்று உண்மை. மிராசுதாரருக்கும் அரை ஏக்கர்க்காரருக்கும் தண்ணீர் அதே மடையிலிருந்துதான் வந்தது. கரை உடைந்தால் இருவர் வயலும் போகும். அதனால் மிராசுதாரர் கரையைப் பார்த்துக்கொண்டார், ஆள் அனுப்பினார், வராதவரை அதட்டினார். தருமம் என்று இதைச் சொல்ல முடியாது, அவர் நெல்லும் அங்கேதான் இருந்தது.

அப்புறம் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது, பம்புசெட்டுக்குக் கடன் வந்தது. கிணறு வெட்டக் கையில் காசு இருந்தவர் முதலில் வெட்டினார். யார் அவர்? கரைக்கு ஆள் அனுப்பிய அதே ஆள். அவருக்கு இனி கண்மாய் நிறைந்தாலும் ஒன்றுதான், நிறையாவிட்டாலும் ஒன்றுதான். சொல்லப்போனால் நிறையாவிட்டால் கூடுதல் லாபம், பக்கத்து வயலுக்கு மணிக்கணக்கில் தண்ணீர் விற்கலாம். வரத்துக்கால்வாயில் முள் மண்டியது. யாரும் அதட்டவில்லை, அதட்டக்கூடியவர் கழன்றுவிட்டார். ஆயக்கட்டில் கிணறுகள் பெருகியபோது ஏரிப் பராமரிப்பில் அக்கறை குறைந்துபோனதை ஆய்வாளர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ஏரி நிறைந்தால்தான் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஊறும் என்பது அந்தக் கிணற்றுக்காரருக்கும் தெரியும். ஆனால் ஏரியைத் தூர்வாரும் செலவு அவருடையது, ஊறும் தண்ணீர் எல்லோருடையது. அதைவிட இன்னும் நூறு அடி போர் போடுவது அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. சட்டம் இதற்குத் துணை நின்றது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி உன் நிலத்துக்கடியில் உள்ள தண்ணீரை நீ எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு என்ற வரம்பு இல்லை. மின்சாரமும் இலவசமானது, முதலில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கு, பிறகு 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும். இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உண்டு. கோவைப் பக்கம் ஒரு காலத்தில் நூறு அடிக் கிணறு என்றால் ஆழம். பிறகு கிணற்றுக்குள்ளேயே சைடு போர் போட்டார்கள், அப்புறம் கிணற்றை விட்டுவிட்டு போர்வெல், 1,000 அடியைத் தாண்டியும் போகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 800 அடி போட்டால் என் 600 அடியில் காற்றுதான் வரும், நான் 900 போட வேண்டும். இந்தப் பந்தயத்தில் ஒருவர் நிறுத்தினால் தண்ணீர் மிச்சமாகாது, அடுத்தவர் அதை எடுத்துக்கொள்வார். ஆகவே எல்லோரும் கடன் வாங்கித் துளைக்கிறார்கள். நன்றாக வாழ்ந்தது ரிக் வண்டி முதலாளிகள். திருச்செங்கோட்டு ரிக்குகள் இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்காவிலும்கூடத் துளை போடுகின்றன. அவர்களைக் குறை சொல்லவில்லை, வறண்ட பூமியிலிருந்து கிளம்பித் தொழில் கற்று வளர்ந்த கூட்டம் அது.

நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாடு 2003-ல் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் ரத்தானது. ஏன் என்று புரிந்துகொள்ளப் பெரிய அரசியல் அறிவு தேவையில்லை. யாரைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அவர்கள்தான் ஊரில் வாக்குச் சேகரித்துக் கொடுப்பவர்கள்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் எல்லாவற்றையும் பொதுவாக்கி, யாரும் விலகாதபடி பூட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று நினைக்க வேண்டாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். சீனாவில் அன்ஹுய் மாகாணம், ஃபெங்யாங் மாவட்டம், ஷியாவ்காங் என்ற சிற்றூர். கம்யூன் காலத்தில் நிலம் எல்லோருக்கும் பொது, விளைச்சலும் பொது. எவ்வளவு வியர்வை சிந்தினாலும் பங்கு அதேதான் என்பதால், விசில் அடித்ததும் வயலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார்கள். பஞ்ச காலத்தில் அந்த வட்டாரமே பிச்சைக்குப் போகும். 1978 கடைசியில் 18 பேர் ஓர் இரவு கூடி, நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வதாக ரகசிய ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியை அந்தந்தக் குடும்பம் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு விளைச்சல் பல மடங்காகப் பெருகியது. சில ஆண்டுகளில் சீனா முழுவதும் அந்த முறைதான். (இந்த ஊரின் கதையை அரசே பிற்பாடு பெரிய புராணமாக்கிவிட்டது. வேறு பல ஊர்களிலும் அதே சமயத்தில் இது நடந்துகொண்டிருந்தது.)

சுயநலம் என்ன சாதிக்கும் என்பதற்கு இதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். காட்டட்டும், நியாயம்தான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வரி உண்டு. இதற்காகத் தலைவர்கள் சிறைக்குப் போக நேர்ந்தாலும் தலை போனாலும், அவர்களுடைய பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் குடும்பத்துக்குச் சோறு வேண்டும் என்று கூடிய கூட்டம். அந்தக் கூட்டம் முதல் அடி எடுத்துவைக்கவே அடுத்தவன் பிள்ளைக்குச் சோறு போடும் வாக்கு தேவைப்பட்டது. அந்த வாக்கை எழுதாமல் விட்டிருந்தால் யாரும் முன்னால் நின்றிருக்க மாட்டார்கள்.

கதையின் மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கம்யூன் கலைந்ததும் அதன் வருமானத்தில் ஓடிய கிராமக் கூட்டுறவு மருத்துவமும் கலைந்தது. 1970-களின் இறுதியில் ஏறக்குறைய 90 சதவீதக் கிராமங்களில் இருந்த அந்த ஏற்பாடு, 1980-களின் நடுவில் 5 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயலைப் பிரித்தது லாபம், வைத்தியத்தைப் பிரித்தது நஷ்டம். நோய் வந்த குடும்பம் தனியாக நின்றது. புதிய கூட்டுறவு மருத்துவத் திட்டத்தை அரசு தொடங்க 2003 ஆனது. நெல்லில் என் உழைப்புக்கும் என் விளைச்சலுக்கும் நேர்த் தொடர்பு உண்டு, பிரித்துக் கொடுத்தால் உழைப்பேன். நோய் அப்படியில்லை, அது யாருக்கு வரும் என்று தெரியாது. எல்லோரும் ஒரே உண்டியலில் போட்டால்தான் உண்டு. தெம்பாக இருப்பவர் விலகினால் உண்டியலில் நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள்.

ஆகவே எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதற்குப் பொதுச் சூத்திரம் எதிலும் நம்பிக்கையில்லை.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் தொழிலில் சுயநலம் செய்த நன்மையைப் பட்டியல் போட வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டராக இருந்தவர் கம்பெனி வைத்தார், அவரிடம் வேலை பார்த்தவர் அடுத்த தெருவில் கம்பெனி வைத்தார், ஊர் வளர்ந்தது. ஆனால் சாயத் தண்ணீர் நொய்யலில் போனது. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணைக்குக் கீழே ஈரோடு, கரூர் மாவட்ட விவசாயிகளின் கிணற்றில் உப்பு ஏறியது, தென்னை காய்ந்தது. துணியை வாங்கியவருக்கு அந்தத் தென்னையைத் தெரியாது, சாயப்பட்டறைக்காரர் அந்தக் கிணற்றில் குடிப்பதில்லை. விவசாயிகள் வழக்கு மேல் வழக்காகப் போட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை பிறகு ஓடத் தொடங்கின. சிறு பட்டறைகள் பல சேர்ந்து ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் வைத்துக்கொண்டன. இங்கேதான் சூட்சுமம். பொது நிலையத்துக்குச் சிக்கல் வந்தால் அதில் சேர்ந்திருக்கும் அத்தனை பட்டறைக்கும் சிக்கல். ஒருவர் அளவுக்கு மீறிக் கழிவை அனுப்பினால் அதைக் கண்டுபிடிக்க அதிகாரி வர வேண்டியதில்லை, பக்கத்துப் பட்டறைக்காரரே சண்டைக்கு வருவார். இரவில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவது முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு கேட்க யாருமில்லை, இப்போது கேட்பவருக்கே அதில் ஆதாயம் இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு கேள்வி வரும்: மனிதன் செய்வதெல்லாம் கடைசியில் சுயநலம்தானா? தானம் செய்பவனும் தன் மனத்திருப்திக்காகத்தானே செய்கிறான் என்று சிலர் மடக்குவார்கள். எல்லாவற்றையும் சுயநலம் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தச் சொல்லால் எதையும் பிரித்தறிய முடியாது, விவாதமும் முடிந்துபோகும். நடைமுறையில் இரண்டும் வேறுவேறாகத்தான் வேலை செய்கின்றன. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுபோய் வைத்தால் கெட்டுப்போவதும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை செய்து 2000-ல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறிய அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது, சுமார் இரண்டு மடங்கு. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், இப்போது காசு கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் சொந்தப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, உயிரைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம் என்று சில மீனவர்கள் சொன்னார்கள். படகு உடைந்ததைச் சரிசெய்ய உதவி கேட்டவர்களும் உண்டு, அதில் தப்பேதும் இல்லை. படகுதான் அவர்களுக்குச் சோறு.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏரிக்கு நடந்ததுதான் அரசுப் பள்ளிக்கும் நடந்தது. தாசில்தார் பிள்ளையும் டாக்டர் பிள்ளையும் படித்தவரை, கூரை ஒழுகினால் தலைமையாசிரியருக்குத் தூக்கம் போகும். அவர்கள் மெட்ரிக் பள்ளிக்குப் போன பிறகு ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்யும்படி உத்தரப்பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. அந்த நீதிபதிக்கு நோய் எங்கே என்று தெரிந்திருந்தது. உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் புரியும்.

தம்பி, நீங்கள் உங்கள் நலனைப் பார்ப்பது தப்பா என்றால், தப்பில்லை. தங்கைக்கு நல்ல பள்ளி தேடும் அண்ணனைப் பார்த்துச் சமூகத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது. தனி ஆளைக் குற்றம் சொல்லி இதில் ஒன்றும் ஆகப்போவதில்லை. கழன்றுகொள்ளும் வாசலை எல்லோரும் சேர்ந்து, ஒரே நேரத்தில் மூடினால்தான் உண்டு. அப்படி மூடிய ஊர் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில் ஹிவரே பஜார். மழை குறைவான, ஆட்கள் பிழைப்புத் தேடி வெளியேறிய ஊர் அது. 1989 வாக்கில் போபட்ராவ் பவார் அங்கே ஊர்த்தலைவரானார். மலையில் மரம் நட்டது, வரப்பு கட்டியது, தடுப்பணை கட்டியது எல்லாம் பல ஊர்களிலும் நடந்ததுதான். ஹிவரே பஜார் கூடுதலாகச் செய்தது, விவசாயத்துக்குப் போர்வெல் கூடாது என்று தடை போட்டது. திறந்த கிணறு வைத்துக்கொள்ளலாம், அதன் தண்ணீர் மட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கரும்பு, வாழை போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர் கூடாது. வெளியாருக்கு நிலம் விற்கக்கூடாது. மழைக்காலம் முடிந்ததும் கிராம சபையில் அந்த ஆண்டு பெய்த மழையையும் கிணற்று மட்டத்தையும் கணக்குப் பார்க்கிறார்கள். முதலில் குடிக்க, அப்புறம் மாடுகளுக்கு, மீதியில் எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்கிறார்கள். மழை குறைந்த வருடத்தில் இரண்டாம் போகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள், பணக்காரரும் உட்பட. 1,000 அடி துளைக்கும் வழியை அவருக்கும் அடைத்துவிட்டதால், பெரிய நிலக்காரரும் மற்றவர்களோடு சபையில் உட்கார்ந்து அதே கிணற்று மட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பவாருக்கு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சில நூறு குடும்பங்கள் உள்ள ஊர் அது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு முழு ஆற்றுப்படுகைக்கு, பெயரே தெரியாத லட்சம் பேருக்கு நடுவில், அந்த வாசலை மூடச் சட்டம் வேண்டும், அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட ஆள் வேண்டும். மீட்டர் வைக்கிறோம் என்று சொன்னாலே ஆட்சி ஆட்டம் காணும் மாநிலத்தில் அது எப்படி நடக்கும் என்பதற்கு என்னிடம் தயாரான விடை இல்லை. முதலில் மீட்டர் யாருடைய மோட்டாரில் மாட்டப்படும் என்பதைப் பொறுத்திருக்கிறது. 5 குதிரைத்திறன் வைத்திருக்கும் இரண்டு ஏக்கர்க்காரரிடம் தொடங்கினால் ஊர் எதிர்க்கும், எதிர்ப்பதும் நியாயம். நான்கு போர் வைத்து லாரிக்குத் தண்ணீர் விற்பவரிடம் தொடங்கினால், அதே ஊரில் அந்த இரண்டு ஏக்கர்க்காரர் மீட்டர் பக்கம் நிற்பார் என்று நினைக்கிறேன், அதில் அவருக்கு லாபம் இருக்கிறது.